பொன்னாடை போர்த்துவோம், வாரீர்!

நெல்லைச் சீமையில் பாராட்டு விழாவுக்குப் பஞ்சமில்லை; பாராட்டத் தக்க ஆட்களுக்குத்தான் பஞ்சம் என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அபாண்டம். 2024 டிசம்பரில் கொடகநல்லூர், நடுக்கல்லூர், கொண்டாநகரம், பழவூர் வட்டாரத்தில் கேரளத்து மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்ததே, அந்த ஒரு நிகழ்ச்சியிலேயே எத்தனை தோள்கள் பொன்னாடைக்குக் காத்திருக்கின்றன!

முதல் பொன்னாடை எல்லைச் சோதனைச் சாவடிகளுக்கு. ரேஷன் அரிசி மூட்டையை வைக்கோலுக்கு அடியில் ஒளித்தாலும் கண்டுபிடிக்கும் கண்கள் அவை. ஆனால் ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் ரத்தக்கறைப் பஞ்சும் ஏற்றி, நாற்றத்தை முன்னே அனுப்பிப் பின்னால் வரும் லாரியைக் கண்டால் அந்தக் கண்கள் நாணத்தோடு தாழ்ந்துவிடுகின்றன. அடுத்தவர் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது நாகரிகமா? திருவனந்தபுரத்திலிருந்து நெல்லை வரை சுமார் 150 கிலோமீட்டர். அத்தனை தூரமும் அந்த நாகரிகம் காப்பாற்றப்பட்டது.

இரண்டாவது, மருத்துவமனைகளுக்கு. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரிக்கச் சொல்கின்றன. பைக்கு பார்கோடு, வண்டிக்கு ஜி.பி.எஸ். என்கின்றன. சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதே என்கின்றன. இந்தக் கடைசி விதியை இவர்களைப் போல் மதித்தவர் உண்டா? தங்கள் வளாகத்தில் ஒரு நாழிகை கூடுதலாக வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. நம் ஊர்த் தரிசில் எத்தனை நாள் கிடக்கலாம் என்று விதியில் சொல்லவில்லையே! ஒளிவுமறைவும் கிடையாது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் பெயர் பொறித்த தாள்கள் குப்பையோடு கிடந்தன. நோயாளியின் அந்தரங்கத்தைக்கூட மாநில எல்லை தாண்டிப் பகிர்ந்துகொண்ட பெருந்தன்மை அது. ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தாயிற்று என்று கைகழுவுவதில் மருத்துவத் துறையின் சுகாதாரமும் வெளிப்படுகிறது.

மூன்றாவது, நம்மூர் ஏஜெண்டுகளுக்கு. இந்தக் கழிவு வழக்கில் கைதானவர்களில் நம்மூர்ச் சுத்தமல்லிக்காரர்களும் இருந்தார்கள் என்பதால் இந்தப் பெருமையைக் கேரளத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கோடகன் கால்வாயும் நெல்லைக் கால்வாயும் பாயும் பூமியில், ஆடுமாடு மேயும் இடமாகப் பார்த்து, மழை பெய்தால் சாறு எங்கே இறங்கும் என்று வாட்டம் அறிந்து கொட்ட வேண்டுமென்றால் மண்ணின் மைந்தன் வேண்டாமா?

நான்காவது பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது என்பதில்தான் குழப்பம். ஊராட்சி இது வருவாய்த் துறை வேலை என்று அடக்கத்தோடு விலகும். வருவாய்த் துறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கைகாட்டும். வாரியம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, வழக்குப் போடுவது போலீஸ் வேலை என்னும். புகழுக்கு இவ்வளவு கூச்சப்படும் அலுவலகங்களை வேறெங்கும் காண முடியாது. ஊராட்சியின் கையில் இருப்பதோ தூய்மைக் காவலர்களும் தள்ளுவண்டியும். எய்ட்ஸும் மஞ்சள்காமாலையும் பரப்பக்கூடிய ஊசிக் குவியலை அவர்கள் வெறுங்கையால் அள்ளுவார்கள் என்று நம்புவது, உழைக்கும் மக்கள் மீது நாம் வைத்திருக்கும் அபார மரியாதையைக் காட்டுகிறது.

இந்த அமைதியைக் கெடுத்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு. தானாக வழக்கை எடுத்து, மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போ என்று கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22 அன்று அதிகாரிகளும் லாரிகளும் வந்து சேர்ந்தன. வரும்போது அநாதையாக வந்த குப்பை, போகும்போது இரு மாநில அதிகாரிகள் முன்னிலையில், போலீஸ் காவலோடு, மறுவீடு போகும் மணப்பெண்ணைப் போலப் புறப்பட்டுப் போனது. இந்தக் கவனிப்பில் கால்வாசி வரும் வழியில் கிடைத்திருந்தால் குப்பை வந்தே இருக்காதே என்று கேட்பவர்களுக்கு நிர்வாகக் கலை புரியாது. வருமுன் காப்பதை யார் படம் பிடிப்பார்கள்?

செலவு விஷயத்தில் நம் பெருந்தன்மை இன்னும் உயரம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 1996இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது. அதுவும் பாலாற்றைக் கெடுத்த வேலூர்ப் பக்கத்துத் தோல் ஆலைகள் வழக்கில், நம் தமிழ்நாட்டு வழக்கில். அந்தக் கொள்கையை நாம் பொக்கிஷமாகவே பாதுகாக்கிறோம். அடிக்கடி வெளியே எடுத்தால் தேய்ந்துவிடுமல்லவா? அள்ளிப்போக வந்தது அரசு வண்டி என்றால் அந்த வாடகை மலையாளி கட்டிய வரி. காவல் நின்ற போலீஸ், அலைந்த அதிகாரி எல்லாம் தமிழன் கட்டிய வரி. கழிவை உண்டாக்கிக் காசும் பார்த்தவரைத் தவிர எல்லோரும் பங்களித்த சமத்துவத் திட்டம்!

சட்டத்தையும் வாழ்த்துவோம். மருத்துவக் கழிவு கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வழிசெய்யும் திருத்தம் 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இனி லாரி ஓட்டுநர்கள் நடுங்குவார்கள். அந்த லாரியை நிரப்பி அனுப்புகிறவர்களுக்கு நடுக்கம் வராதபடி குளிர்சாதன அறைகள் பார்த்துக்கொள்ளும்.

கடைசிப் பொன்னாடை நமக்கே. அடுத்த மாநிலத்துக் குப்பை என்றதும் நெல்லையின் ரத்தம் கொதித்தது. அந்தக் குப்பை வந்ததற்கு முந்தைய மாதம்தான், தாமிரபரணியில் கலக்கும் கழிவுநீரைப் பார்க்க உயர் நீதிமன்ற நீதிபதிகளே நேரில் வந்து போனார்கள். அது நம் சொந்தச் சாக்கடை. அதற்குக் கொதித்தால் உறவு முறிந்துவிடும். ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்கு தீப்பிடித்துப் புகைந்தாலும் அது நம் வீட்டுப் புகை. தாய்நாட்டுப் பற்று என்றால் இதுவல்லவா?

புகழ்ந்தது போதும். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள்: கொட்டுவதைப் பார்த்தால் எந்த அதிகாரிக்குப் போன் செய்வது? அள்ளும் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படும்? கொட்டியவரிடம் வசூலிக்கும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு வரும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.