பிரமுகராற்றுப்படை

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வழியிலே பசித்து வரும் மற்றொரு பாணனை மறித்து, இன்ன வள்ளலிடம் செல், இன்ன வழியாகச் செல் என்று சொல்லி அனுப்பும் ஆற்றுப்படை என்னும் பிரபந்த வகை பழங்காலத்தோடு போயிற்று என எண்ணுவோர், தொழில் தொடங்கும் யோசனை ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு ஒரு பிரமுகருடைய வீட்டுப் படியை ஒருநாளும் மிதித்தவர்கள் அல்லர் என்று துணிந்து சொல்லலாம். பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகள் ஐந்தே. நம் காலத்தில் ஜில்லாதோறும் அவை நித்தியம் இயற்றப்பட்டு வருகின்றன. ஆனால் ஏட்டில் ஏறாமல், சிபாரிசுக் கடிதம் என்ற பெயரோடு சட்டைப் பையில் மடிந்து கிடப்பதால் பதிப்பாசிரியர்களின் பார்வைக்கு எட்டவில்லை.

நெடுந்தூரம் வந்த வருத்தம் தீர வாயிற்காவலனிடம் எடுத்துரைப்பதைத் தொல்காப்பியர் கடைநிலை என்று ஒரு துறையாகவே வகுத்தார். அதியமான் பரிசில் தராமல் காலம் நீட்டித்தபோது ஔவையார் அவனுடைய வாயிற்காவலனை விளித்தே பாடினார் என்றால், காரியம் எங்கே தங்குகிறது என்பதை அந்த அம்மையார் அப்போதே அறிந்திருந்தார் என்பது பெறப்படும். இன்று அந்த ஸ்தானத்தில் காரியதரிசி இருக்கிறார். "ஐயா பூஜையிலே இருக்காங்க, உக்காருங்க" என்பது அவருடைய வாசகம். இந்தப் பூஜையின் கால அளவு வந்தவரின் வாகனத்தைப் பொறுத்தது. மோட்டாரில் வந்தவருக்கு ஐந்து நிமிஷத்தில் கற்பூரம் காட்டிவிடுகிற அதே பூஜை, டவுன் பஸ்ஸில் வந்தவருக்கு ஸஹஸ்ரநாமமாக நீண்டுவிடுகிறது.

ஆராய்ச்சியின் நிமித்தம், வந்த ஆசாமி ஊறுகாய்த் தொழில் தொடங்க விரும்புகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களை வெறுங்கையோடு பார்க்கலாகாது என்ற சம்பிரதாயப்படி அவர் ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் நீட்டுகிறார். பிரமுகர் அதை வாங்கி, ஒருமுறை முகர்ந்து, காலையிலிருந்து மேஜைமேல் சேர்ந்திருக்கும் மற்றப் பழங்களோடு உருட்டிவிடுகிறார். சாயங்காலம் அத்தனையும் அடுக்களைக்குப் போய், நாலாக நறுக்கப்பட்டு, உப்பிலே ஊறத் தொடங்குகின்றன. தொழிலுக்கு உதவி கேட்டு வந்தவரின் கச்சாப்பொருளைக் கொண்டே அந்தத் தொழிலை அன்றைக்கே, அதுவும் மூலதனம் இல்லாமல், ஆரம்பித்துவிடுபவர் பிரமுகர்தாம் என்பதைப் பொருளாதார நிபுணர்கள் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு சம்பாஷணை. "யோசனை நல்லாத்தான் இருக்கு தம்பி. நம்ம கோயமுத்தூர்க்காரரைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை என்றால் அவருக்கு ஒரு கடிதம், பார்த்தாயிற்று என்றால் வேறொருவருக்கு. "இக்கடிதம் கொண்டுவருபவர் நமக்கு மிகவும் வேண்டியவர், தங்களால் ஆனதைச் செய்யவும்" என்ற அந்த வாசகத்தில், தாராளம் எழுதியவருக்கும் செலவு வாசிப்பவருக்குமாகப் பங்கிடப்பட்டிருக்கும் நயம் பாராட்டத் தக்கது. தம்மை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை, தாம் வியாபாரத்துக்கு வந்தவர் அல்லர் என்று பெருஞ்சித்திரனார் மறுத்துவிட்டார். நம்மவரோ வியாபாரத்துக்காகவே வந்தவராகையால், முகத்தைக் காட்டாமல் பணத்தை மட்டும் கொடுத்தனுப்பினாலும் யாதோர் ஆட்சேபணையும் சொல்லமாட்டார். ஆனால் அவருக்குக் கிடைப்பது முகம் மட்டுமே.

இதனால் பிரமுகர் வர்க்கம் முழுவதையும் இகழ்வது நம் அபிப்பிராயமன்று. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியபோது, அவர் பிரமுகர்களிடம் கொண்டுபோனது வெறும் யோசனையன்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000 என்று கூட்டிக் கழித்து முடிந்த கணக்கு. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு எதிராகப் பெயர் கொடுப்பது விளையாட்டுக் காரியமல்லாத அந்த நாளில், 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை ஸ்தாபித்த பாண்டித்துரைத் தேவர் வேறொருவருக்குக் கடிதம் எழுதாமல், தாமே அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்தார். புலவர்களைப் போற்றிய கை கப்பலுக்கும் நீண்டது. இத்தகையவர்களை விதிவிலக்கு என்று தனியே எழுதிவைப்பதே ஆராய்ச்சிக்கு உத்தமம்.

பழைய ஆற்றுப்படைக்கும் புதியதற்கும் உள்ள பேதம், நமக்குத் தோன்றுகிறபடி, ஒன்றே. முன்னாளில் வழிகாட்டியவன் தானே போய், பெற்று, யானையோடும் பொற்றாமரையோடும் எதிரே வந்தவன்; இந்நாளில் வழிகாட்டுகிறவரோ கொடுக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர். பாடவேண்டியவன் சும்மா இருக்க, பாட்டுடைத் தலைவன் எழுந்து அடுத்த தலைவனைக் கை காட்டுவானானால், அந்தக் காவியம் எந்த ஊரில் முடியும்?

ஆகையால், தொழில் யோசனை உள்ள அன்பர்கள் பிரமுகர் வீட்டுக்குள் நுழையுமுன், அங்கிருந்து வெளியே வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, கையில் என்ன கிடைத்தது என்று விசாரித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கவர்தான் என்றால், வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம், எலுமிச்சம்பழமாவது மிஞ்சும்.