எட்டுமட்டம்: கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பருவம் பத்து என்று வகுத்து, முதற்பருவத்துக்குக் காப்பு என்று பெயரும் வைத்தார்கள். திருமால் தொடங்கித் தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பிள்ளையை ஒப்படைத்தவர்கள், அடுப்படிக் கதவுக்கு ஒரு கொண்டி போடச் சொல்லவில்லை. அக்குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

தேனி மாவட்டத்தில் மட்டம் என்றாலே முல்லைப் பெரியாறு அணைதான். 142 அடி தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 152 அடி எப்போது என்ற பேச்சு கம்பத்து டீக்கடைகளில் ஓயவில்லை. வீட்டுக்குள் இருக்கும் மட்டத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. நடை பழகிய பிள்ளை குதிகாலைத் தூக்கிக் கையை நீட்டினால் விரல்நுனி தொடும் உயரம் எதுவோ, அதுவே எட்டுமட்டம். சுவரில் கோடு போட்டு அளப்பவர் அடுத்த மாதமே அதை அழித்தாக வேண்டும். முக்காலியோ கவிழ்த்த அண்டாவோ பிள்ளைக்குச் சிக்கினால் அன்று சாயங்காலமே.

இதிலிருந்து பெறப்படும் விதி: பிள்ளை வளர வளர வீட்டுச் சாமான்கள் மேலே போகும். அரிவாள்மணை, கொசுவர்த்தி, தீப்பெட்டி, தாத்தாவின் மாத்திரை டப்பா எல்லாம் பரணை நோக்கிக் குடிபெயரும். திராட்சைத் தோட்டத்து மருந்துக்கு மட்டும் பரண் போதாது. மிச்ச மருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கும் வழக்கத்தைக் கேலி செய்ய ஆய்வாளருக்கு மனம் வரவில்லை. வாங்கிய டப்பாவிலேயே விட்டுப் பூட்டுங்கள்.

விதிக்கு விலக்குகள் உண்டு. வாளியை மேலே ஏற்ற முடியாது. இந்த வயதுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ வராது. இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். அணை மட்டம் ஏறக் கொடி பிடிக்கும் ஊர், வாளிக்கு மட்டும் பூஜ்யம் கேட்க வேண்டும்: குளித்ததும் கவிழ்த்துவிடு.

இன்னொரு விலக்கு, பிள்ளையின் கையிலேயே இருக்கும் பொம்மை. வீரபாண்டித் திருவிழாக் கடையில் வாங்கும் மினுங்கும் பொம்மைகளுக்குள் பொத்தான் பேட்டரி இருக்கக்கூடும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். மூடி திருகாணி போட்டதா என்று பார்க்காமல் பேரம் பேசக் கூடாது.

எட்டுமட்டக் கோட்பாட்டையே தகர்ப்பவர் அப்பத்தா. பிள்ளைக்கு எட்டாததை அவரே எடுத்துக் கொடுப்பார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பிள்ளையின் மூச்சுக்குழலை அடைக்கத் தோதான அளவு, வழுக்கல் வேறு. நீளவாக்கில் நான்காக அரிந்து, விதை எடுத்துக் கொடுக்கச் சொன்னோம்.

"உங்கப்பனும் முழுசா முழுங்கித்தான்டா வளந்தான்."

மாதிரியெடுப்பில் பிழை இருப்பதைச் சுட்டினோம்: முழுங்கி வளராதவர்கள் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. முணுமுணுத்தபடியே அப்பத்தா கத்தியை எடுத்தார். பழத்தை நான்காக அரிந்தார், விதையை நோண்டினார், கத்தியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஊட்ட உட்கார்ந்தார்.