ஒண்ணுமே விழலியே சார்

ஃபிலிம் ரோலை ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு, கல்யாணப் படம் எப்படி வந்திருக்குமோ என்று நாட்கணக்கில் காத்திருந்த காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். என் ரோல்களில் மட்டும் முதல் படம் எப்போதும் வேப்பமரமோ வீட்டு வாசலோதான். பகலில் எடுத்த படம் ஒன்று முன்னால் இல்லாவிட்டால் எங்கே வெட்டுவதென்று ஸ்டூடியோக்காரருக்குத் தெரியாது. “ஒண்ணுமே விழலியே சார், பிரிண்ட் போடணுமா?” என்பார். போடுங்கள் என்பேன். நான் எடுக்கப் போனதே இருட்டைத்தான்.

ஓரியனின் இடுப்புப் பட்டையில் கிழக்குக் கோடியில் இருக்கும் அல்நிடாக்குக்குச் சற்றுத் தெற்கே, சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில், பின்னால் சிவப்பாக ஒளிரும் ஹைட்ரஜனை மறைத்துக்கொண்டு நிற்கும் தூசி மேகம் அது: குதிரைத் தலை நெபுலா. 1888இல் ஹார்வர்டில் எடுத்த கண்ணாடித் தகட்டில் அதைக் கண்டவர் வில்லியமினா ஃபிளெமிங். 1919இல் பர்னார்ட் வெளியிட்ட இருண்ட நெபுலாப் பட்டியலில் அதன் எண் 33. இவை வானத்தில் விழுந்த ஓட்டைகளா, வெளிச்சத்தை மறைக்கும் பொருளா என்று பர்னார்ட் பல ஆண்டுகள் யோசித்தார்.

காவலூர் வான்நோக்ககம் இருக்கும் அதே ஜவ்வாது மலையில், தை மாதப் பனியில், ஒரே படத்துக்காக ஷட்டரை மணிக்கணக்கில் திறந்து வைத்து, நேரம் ஆக ஆக ஃபிலிமின் உணர்திறன் குறைந்துகொண்டே போக, துணைத் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பி நடுவே ஒற்றை நட்சத்திரத்தை விலகவிடாமல் பொத்தானை அழுத்தி அழுத்திப் பிடித்து நிறுத்தி, நண்பர் ஊற்றித் தந்த சுக்குக் காபியைக்கூடக் கண்ணை எடுக்காமல் குடித்த அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! பேர்கூடத் தெரியாத அந்த நட்சத்திரம் விடிவதற்குள் சொந்தக்காரராகிவிடும்.

இன்று சென்னை மொட்டைமாடியிலேயே, அந்த ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரை மாட்டினால் போதும். நட்சத்திரத்தைப் பின்தொடரும் வேலையை இன்னொரு சின்னக் கேமரா பார்த்துக்கொள்ள, நான் கீழே போய்ச் சாப்பிட்டுத் தூங்கியும் விடலாம். சில நிமிடப் படங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கிக் கணினி தரும் படத்தில் குதிரையின் முகவாய்வரை துலங்குகிறது. பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது. எடுத்த இரவு மட்டும் நினைவில் இல்லை.

ஆனால் பர்னார்டின் மற்ற மேகங்கள் பலவற்றுக்கு இந்த உபாயம் பலிக்காது. சித்திரையில் விடியலுக்கு முன் மலைமேல் நின்று வெறுங்கண்ணாலேயே நான் பார்த்த பைப் நெபுலாவுக்குப் பின்னால் இருப்பது எல்லா நிறமும் கலந்த பால்வீதி ஒளி. எந்த ஃபில்டரும் அதைத் தெருவிளக்கிலிருந்து முழுதாகப் பிரித்துத் தராது. மலையூர்களிலும் இப்போது வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. இருட்டில் பாம்புக்குப் பயந்து நடந்தவர்களிடம் விளக்கு வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் திருப்புங்கள் என்றுதான் போகிற ஊரிலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.