எழுபதினாயிரம் பேருக்கு அரிசி

இலங்கையின் வன்னியில் பட்டினியைத் தீர்க்க 2009இல் கொழும்பு அரசு கண்டுபிடித்த வழி மிகச் சிக்கனமானது. அரிசியைக் கூட்ட வேண்டியதில்லை. ஆட்களைக் குறைத்தால் போதும். பெப்ரவரியில், போருக்குள் அகப்பட்டிருக்கும் சனம் 70,000தான் என்றது அரசு. அதே அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செல்லடிக்குள் கிடந்த முல்லைத்தீவு அதிகாரியோ 3,30,000 என்று எழுதி அனுப்பினார். அரிசி வரவில்லை, கண்டனக் கடிதம் வந்தது. பங்கருக்குள் இருப்பவனுக்குத் தலை எண்ணத் தெரியாதாம்; கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்குத் துல்லியமாகத் தெரியுமாம்.

கணக்கில் பிழையே இல்லை. 70,000 வாய்க்கு இவ்வளவு மா, இவ்வளவு பருப்பு. மற்ற வாய்களா? அவை பதிவேட்டில் இல்லையே! பதிவில் இல்லாதவனுக்குப் பசிக்குமா, பதிவில் இல்லாத காலை வெட்ட மயக்க மருந்து எதற்கு? நடந்ததன் அரச பெயரே ‘மனிதாபிமான நடவடிக்கை’. பெயரிலேயே அவ்வளவு மனிதாபிமானத்தைக் கொட்டிவிட்டால் லொறியில் ஏற்ற மிச்சமிருக்குமா என்ன?

ஐ.நா. புத்திசாலி. 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியைவிட்டுக் கிளம்பிவிட்டது. போகாதீர்கள் என்று சனம் வாசலை மறித்து மன்றாடியது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லையென்று அரசு சொல்லிவிட்டதாம். வாசலில் நின்றவர்களுக்கு மட்டும் யார் கொடுத்திருந்தார்கள்? பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கொஞ்சம் உணவை இறக்கிக் காயக்காரரை ஏற்றிப் போனது. மே இரண்டாம் வாரத்தில் அதுவும் கரை தொட முடியாமல் நின்றது.

விடுதலைப் புலிகளுக்கும் தலைக்கணக்கு வேண்டியிருந்தது. அது குறையக் கூடாதென்று, தப்பி ஓடிய தங்கள் சனத்தையே சுட்டார்கள்.

சென்னையிலும் அப்போது ஒருவர் பட்டினி கிடந்தார். ஏப்ரல் 27, அண்ணா சமாதியில் அன்றைய தமிழக முதலமைச்சர் கருணாநிதியின் உண்ணாவிரதம். காலையில் தொடங்கியது, கனரக ஆயுதம் பாவிக்க மாட்டோம் என்று கொழும்பு சொன்னதும் மதியத்தோடு முடிந்தது. செல்லடி முடியவில்லை.

போர் முடிந்து, மே கடைசியில் முகாம்களின் முட்கம்பிக்குள் எண்ணிப் பார்த்தால் 2,80,000 பேருக்கு மேல். எழுபதினாயிரம் குட்டி போட்டிருக்கிறது! செத்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு பிறகு, 2011இல் ஆறுதலாகச் சொன்னது. ஆனால் ஜெனீவாவின் மனித உரிமைப் பேரவைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 2009 மே 27ஆம் தேதியே, இடம்பெயர்ந்தோரின் அவசரத் தேவைகளைக் கவனித்ததற்காக இலங்கை அரசைப் பாராட்டித் தீர்மானம் போட்டுவிட்டது. ஆதரவு 29 நாடுகள், இந்தியாவும் சேர்த்து.