ஒரு 'உம்' விட்ட பேரனுக்கு

வாடா நைனா, உக்காரு. ராத்திரி ரெண்டரை மணிக்குத் திருப்பதியிலிருந்து பைக்குல வந்து இறங்கினவனுக்குக் கேவுரு களி போடறதா, மாலை போடறதான்னு உன் பாட்டி கேக்கறா. ரெண்டும் அப்புறம், மொதல்ல நான் நாலு வார்த்தை போடறேன்னு சொல்லிட்டேன்.

நேத்து ராத்திரி பத்து மணிக்கு ஊரே நம்ம திண்ணைக்கு வந்துடுச்சு. சீரியல் நின்னுபோச்சு, பசங்க பாடம் நின்னுபோச்சுன்னு ஒரே சத்தம். திண்ணை ஓரத்து அறையை உன் கம்பெனிக்காரன் வாடகைக்கு எடுத்து அந்த நெட்டுப் பொட்டியை வச்ச நாள்லேர்ந்து, நெட்டு நின்னா என்னைத்தான் கேக்கறாங்க. வாடகை உன் கம்பெனி குடுக்குது, திட்டை ஊர் குடுக்குது.

எனக்கும் கொஞ்சம் தெரியும்டா. வீட்டுல இருக்கற சின்னப் பொட்டியில 'எல்.ஓ.எஸ்.'னு ஒரு விளக்கு இருக்கு. மொதல்ல 'லாஸ்'னு படிச்சு, யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுக்கினு இருந்தேன். ஃபைபர்ல வெளிச்சம் வரலேன்னா அது சிவப்பா மினுக்கும்னு நீதான் சொன்னே. சிவப்பு வந்தா, கரும்பு ஏத்தின லாரி எங்கியோ கம்பியை இழுத்துக்கினு போயிடுச்சுன்னு அர்த்தம். நேத்து சிவப்பு வரல. எல்லாம் பச்சை. வெளிச்சம் இருக்கு, சேதி இல்ல. அப்பவே பாட்டிகிட்ட சொன்னேன்: "இது லாரி பண்ண வேலை இல்ல, நம்ம பேரன் கைவரிசை."

நீ வந்து அந்தப் பொட்டியில நீலக் கம்பியைச் செருகி ஒரே ஒரு வார்த்தை தட்டினே. ஊரே எழுந்துக்குச்சு. எழுபது கிலோமீட்டர். சந்திரகிரிக் கோட்டை, வானத்தை ரேடார் வச்சு அளக்கறாங்களே அந்தக் காதங்கி, அப்புறம் பூதலப்பட்டு, அத்தனையும் தாண்டி நீ கொண்டாந்தது ஒரே வார்த்தை. 'ஆட்'. சேத்துக்கோன்னு அர்த்தமாம்.

நீ சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட அளவுக்குச் சொல்றேன், தப்புன்னா சொல்லு. திருப்பதியிலிருந்து வர்ற ஒரே கம்பியில பல வழி ஓடுது. பத்தாம் நம்பர் வழி, வீடுங்களுக்கு. இருபதாம் நம்பர், நீ ஏசி ரூம்ல உக்காந்துக்கினே இந்தப் பொட்டிக்குள்ள வந்து போற வழி. முப்பது, மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் புதுசா குடுக்க வேண்டியது. இத்தனையும் சேந்து போற வாசலுக்குப் பேரு ட்ரங்க். எனக்குத் தெரிஞ்ச ட்ரங்க் உன் பாட்டி கல்யாணத்துக்குக் கொண்டாந்த தகரப் பொட்டிதான். அதுல புதுப் புடவை ஒண்ணு வைக்கறவ பழைய புடவையை எல்லாம் தெருவுல வீசமாட்டா. நீ வீசினே. 'முப்பதையும் விடு'ன்னு சொல்ல வேண்டிய எடத்துல 'முப்பதை விடு'ன்னுட்டே. பொட்டிக்கு என்ன தெரியும்? நீ சொன்னதைச் செஞ்சுது. பத்தும் போச்சு, இருபதும் போச்சு. இருபது போனதால நீ வந்த வாசலும் சாத்திக்கிச்சு. நுனிக்கொம்புல உக்காந்து அடிக்கொம்பை வெட்டினவனைப் பத்திக் கேட்டுத்தான் இருக்கேன், அவனை நம்ம வீட்டுலயே வளத்தது நேத்துதான் தெரிஞ்சுது.

நாப்பது வருசம் நீர்கட்டியா இருந்தவன்டா நான். மடையில நின்னா மூணு வாய்க்கால் பிரியும். "மேட்டுக் கழனிக்கும் விடு"ன்னு சொல்லுவாங்க. அந்த 'உம்'மை ஒரு நாள் நான் முழுங்கியிருந்தா, பள்ளக் கழனிக்காரன் மண்வெட்டியோட என்னையும் சேத்து வாய்க்கால்ல போட்டு மூடியிருப்பான். மடை திறக்கறவன்தான் மடையன்னு சொல்லுவாங்க. அது எப்படித் திட்டா மாறுச்சுன்னு ரொம்ப நாளா சந்தேகம். இப்ப தீந்துச்சு.

மொகத்தைத் தொங்கப்போடாதே. உன்னைவிடப் பெரிய மனுசங்களும் இதைச் செஞ்சிருக்காங்க. 2021 அக்டோபர் 4, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வாட்ஸ்அப் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? என் போனு கெட்டுப்போச்சுன்னு நான் அதைத் தட்டித் தட்டிப் பாத்தேன். ஃபேஸ்புக் கம்பெனியில எவனோ பராமரிப்பு வேலைன்னு ஒரு கமாண்டு குடுக்க, அவங்க டேட்டா சென்டருங்களை இணைக்கற பெரிய வழி மொத்தமும் அறுந்துச்சு. தப்பான கமாண்டைத் தடுக்கணும்னு ஒரு காவக்காரனையும் வச்சிருந்தாங்க. அந்த நேரம் பாத்து அவனும் கோட்டை விட்டான். உள்ள போயி சரிபண்ண வழியும் அந்த நெட்டுதான், அதுவே இல்ல. ஆளுங்க நேர்ல போயி உள்ள நுழையறதுக்கே நேரமாச்சு. ஆறு மணி நேரம். அவனுக்கு ஒலகம் நின்னுச்சு, உனக்கு நம்ம ஊரு. அளவுதான் வித்தியாசம், வேலை அதே.

அதனால இதே மாதிரி செய், தாத்தா சொல்றேன். வாசலைத் தொடும்போது எப்பவும் தனியா, அவசரமா, தூக்கக் கலக்கத்துல தொடு. பத்து நிமிசத்துல நான் உறுதி சொல்லலேன்னா பழையபடி நீயே திரும்பிக்கோன்னு பொட்டிக்குச் சொல்லி வைக்கற வசதி உங்க தொழில்ல இருக்குதாமே, அதை மட்டும் தொட்டுடாதே. அது பயந்தாங்கொள்ளிங்களுக்கு. கெணறு தூர் வார எறங்கறப்ப நாங்க இடுப்புல கயிறு கட்டி, மேல ஒருத்தன் கையில குடுத்துட்டு எறங்குவோம். நாங்க பயந்தாங்கொள்ளிங்க. அதான் எம்பது வயசு வரைக்கும் இருக்கேன்.

இன்னொண்ணு, அந்த வாசலுங்களுக்கு நீ வச்சிருக்கற பேரைப் பாத்தேன். 'டெஸ்ட்', 'டெஸ்ட் ரெண்டு', 'புது டெஸ்ட்', 'புது டெஸ்ட் கடைசி'. நம்ம கழனி மொத்தமே மூணு ஏக்கர். அதுல புளியமரத்துக் காடு, கெணத்து மேடு, சண்டைக் காணின்னு துண்டு துண்டுக்குப் பேரு இருக்கு. எங்க தாத்தன் வச்சது. நான் செத்தாலும் சண்டைக் காணி எதுன்னு ஊர்ல கேட்டா காட்டுவாங்க. நீ ரெண்டு நாள் லீவு போட்டா 'புது டெஸ்ட் கடைசி' யாரு வீட்டுக்குப் போவுதுன்னு எவன்டா சொல்லுவான்?

ஆனா உங்க பொட்டி ரொம்ப நேர்மையானதுடா, அதை ஒத்துக்கறேன். ஒரு வாசல் ஏன் செத்துக் கெடக்குன்னு கேட்டா, ஒயர் அந்தப் பக்கம் போயிடுச்சா, இல்ல நீங்களே தாழ்ப்பா போட்டீங்களான்னு பிரிச்சுச் சொல்லுது. 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்'. நான் பட்டா மாத்த எத்தனையோ ஆபீசு படி ஏறியிருக்கேன். "தாழ்ப்பா நாங்கதான் போட்டோம்"னு ஒரு ஆளும் சொன்னதில்ல.

பட்டான்னதும் பத்திரம் ஞாபகம் வருது. நீ தட்டறது எல்லாம் மொதல்ல வாய்ப்பேச்சுதானாமே? சேவ் பண்ணாதான் பத்திரமாமே? இல்லேன்னா கரண்டு போயி வந்ததும் பழைய கதைக்கே போயிடுமாம். எங்க அண்ணன் தம்பி பாகமும் வாய்ப்பேச்சாத்தான் முடிஞ்சுது. அதான் அந்தத் துண்டுக்குச் சண்டைக் காணின்னு பேரு. இப்ப சேவ் பண்ணியா? போ, போயி பண்ணிட்டு வா. நான் உக்காந்திருக்கேன்.

பண்ணிட்டியா? நல்லது.

நேரம் காலம் பாக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. எங்க ஜில்லாவை மாத்தினவங்களைப் பாரு. 1911 ஏப்ரல் 1, வட ஆற்காட்டுலேர்ந்து பிரிச்சு சித்தூர் ஜில்லா. 1960 ஏப்ரல் 1, திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போச்சு. 2022 ஏப்ரல் 4, திருப்பதி தனி ஜில்லா. எங்களைப் பிரிக்கறவங்களுக்கு ஏப்ரலை விட்டா வேற மாசமே கெடைக்காது. இருந்தாலும் முன்கூட்டித் தேதி சொல்லித்தான் பிரிச்சாங்க. நீயும் இன்ன ராத்திரி, இன்ன நேரம், அரை மணி நேரம் நெட்டு நிக்கும்னு ஒரு சேதி போட்டிருக்கலாம். ஊர்க்காரங்க சீரியலை முன்னாடியே பாத்துட்டு படுத்திருப்பாங்க. காலையில பத்து மணிக்குத் திருமலை 300 ரூபாய் தரிசன டிக்கெட் நெட்டுல திறக்கற அன்னிக்கு மட்டும் இந்த விளையாட்டு வேணாம். அன்னிக்கு நெட்டு நின்னா என்னைக் கேக்கமாட்டாங்க, நேரா பெருமாள்கிட்ட உன் பேரைச் சொல்லுவாங்க.

நெட்டு நின்னா ஊரு ஏன் இப்படிப் பதறுதுன்னு கேக்கறியா? 2017 டிசம்பர் 27 அன்னிக்கு ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் வெலகபூடியில ஏபி ஃபைபர்நெட்டைத் தொடங்கி வச்சாரு. மாசம் 149 ரூபாய்க்கு டிவி, நெட்டு, போனு மூணும்னாங்க. கம்பியை மண்ணுல பொதைக்காம கரண்டு கம்பத்துலயே தொங்கவிட்டாங்க. உன் கம்பெனி அது இல்ல, தெரியும். ஆனா அப்பதான் இந்த ஜனங்களுக்குப் பொட்டி பழகுச்சு. இப்ப அது இல்லேன்னா தண்ணி வராத மாதிரி பதறுதுங்க. நீர்கட்டிக்கு இருந்த மரியாதை உனக்கு வந்திருக்கு. கூடவே அவன் வாங்கின திட்டும்.

சரி, எழுந்திரு, கை கழுவு. களி ஆறுது. கோழியும் இருக்கு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு, நீ கெளம்பிட்டேன்னு போன் வந்ததும் உன் பாட்டி அடிச்சா. ஆறு மாசமா வராத பேரன் வர்றான்னு ஒரே சந்தோசம் அவளுக்கு. ஊர் மொத்தம் நம்மைத் திட்டிக்கினு போகுது, இவ என்னைத் தனியா கூப்பிட்டு, அடுத்த 'உம்' எப்ப விடுவான்னு கேக்கறா.