சரணம் காணாத வீடு

மாமல்லபுரத்தில் உளிச் சத்தத்துக்கு நடுவே ‘விர்ர்’ என்று டிரில் மெஷின் கேட்டால் சிற்பப் பட்டறை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒயர் மாமா வீடாகவும் இருக்கலாம். செங்கல்பட்டில் ஒருவர், திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் என்று ஸ்பீக்கர் ஒயரை வீட்டிலேயே முறுக்கும் இந்த ரகம் ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் இவர்.

சட்டைப்பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். கடையில் ஸ்பீக்கர் கேபிளின் விலையைக் கேட்டால் கோபம் வரும். “உள்ளே இருக்கிறது அதே செம்புதானே தம்பி?” செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி, வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் ஒயரில் சிவப்பு ஒரு சுருள், கறுப்பு ஒரு சுருள் வாங்கி வருவார். ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை டிரில்லின் வாயில். பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஜடையாக முறுக்கிக்கொள்ளும். அதைத் தாண்டித்தான் மாமி காபி கொண்டுவர வேண்டும்.

கணக்கில் மாமா புலி. “ஆயிரம் மீட்டருக்கு 12 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி. போய்த் திரும்ப 10 மீட்டர். 0.12 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். நூற்றுக்கு ஒன்றரை! எந்தக் காதுக்குத் தெரியும்?” என்று நிரூபித்துவிட்டு, அடுத்த வாரமே இரண்டரை ஸ்கொயர் வாங்கப் போவார்.

கடல் காற்று சும்மா விடாது. உரித்த முனையில் பச்சைக் களிம்பு பூக்கும். அரை அங்குலம் வெட்டி, புதிதாக உரித்து, ஈயம் வைப்பார். வெட்ட வெட்ட ஒயர் குறுகும். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரை நோக்கி நகரும். ஐந்து ரதங்களும் அசையாமல் நிற்கிற ஊரில் நகர்வது அது ஒன்றுதான்.

பாட்டு? போடுவார். பல்லவி முடிவதற்குள் நிறுத்தி, “இப்போ இந்த ஒயர்ல கேளு” என்பார். மறுபடி பல்லவி. அந்த ஹாலில் சரணம் கேட்டவர் எவருமில்லை. மாமி மட்டும் அடுப்படி ரேடியோவில் முழுப் பாட்டு கேட்பாள்.

நேற்றுப் போனபோது அடையாளம் அழிந்த பழைய ஸ்பீக்கர் ஒன்றுக்கு பிளஸ், மைனஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வோல்ட் செல்லை அதன் முனைகளில் தொடவைத்தார். கோன் முன்னால் வந்தது. “பார்த்தியா, இதுதான் பிளஸ்!”

உள்ளிருந்து குரல் வந்தது: “ஏங்க, ரேடியோ ஏன் பாடல?”

மாமா செல்லை மெதுவாக வேட்டி மடிப்பில் செருகினார்.