மைனஸ் மூன்று வாங்கிய அப்பா

டென்மார்க்கில் ஒன்பதாம் வகுப்போடு சட்டம் பிள்ளையின் கையை விட்டுவிடும். பூச்சியம் வகுப்பிலிருந்து எண்ணினால் பத்து வருடப் படிப்புத்தான் கட்டாயம். அதற்குமேல் படிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது, மகளுக்குத் தெரியவராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்திருந்தது.

ஆனாலும் பத்துப் பிள்ளையில் ஏழு பிள்ளை, யாரும் பிடரியில் பிடித்துத் தள்ளாமலே, கிம்னாசியம் என்கிற உயர்தரப் படிப்புக்குப் போகின்றன. யாழ்ப்பாணத்தில் எங்கள் காலத்து ஏ.எல். படிப்பும் சட்டப்படி கட்டாயமில்லைதான். ஆனால் சட்டத்துக்கு மேலே அம்மா இருந்தா. இங்கே அந்தப் பதவிக்கு நான் விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை.

எனக்கு அவ்வளவு துணிவு வந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. எங்கட ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் கிடப்பில் போட்டார். அந்த விவகாரம் முற்றி, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசாங்கமே போனது. ஒரு அரசாங்கத்தையே ஆட்டிய சனத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் எம்மாத்திரம் என்று இருந்துவிட்டேன். அந்த விண்ணப்பப் படிவத்தைக்கூட எனக்கு வேறொருவர்தான் நிரப்பித் தந்தார்.

முதல் சறுக்கல் ஒன்பதாம் வகுப்பிலேயே. இங்கே பத்தாம் வகுப்பு விரும்பியவர்களுக்கு மட்டும். அதை எஃப்டர்ஸ்கோலவில் படிக்கட்டுமா என்று மகள் கேட்டாள். வீட்டை விட்டுப் போய் ஒரு வருடம் தங்கிப் படிக்கிற இடம் அது. பாட்டு, நாடகம், கைப்பந்து, கூட்டுச் சமையல், இடையிடையே கணிதம். எங்கள் ஊரில் பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்ப இரண்டு காரணந்தான்: ஒன்று மெத்தக் கெட்டிக்காரி, இல்லாவிட்டால் ஏதோ நடந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, “என்ன பிள்ளை நடந்தது, அப்பாட்டைச் சொல்லு” என்றேன். அவள் விளக்கப் புத்தகத்தை நீட்டினாள். கட்டணப் பக்கத்தைப் பார்த்தபோது நடந்தது எனக்குத்தான்.

கிம்னாசியப் படிப்புக்கு நாலு வாசல். எஸ்.ரி.எக்ஸ். பொதுக்கல்வி, எச்.எச்.எக்ஸ். வணிகம், எச்.ரி.எக்ஸ். தொழில்நுட்பம். மூன்றும் மூன்று வருடம். எச்.எஃப். மட்டும் இரண்டு. எந்த வாசலால் போனாலும், வேண்டிய பாடங்களைச் சேர்த்துக்கொண்டால் மேற்படிப்புக்கு வழி இருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு என் தலைக்குள் இருந்தது ஏ.எல். வரிசை: மேலே கணிதமும் உயிரியலும், அடுத்து வர்த்தகம், கடைசியில் கலை. அதை அப்படியே இறக்குமதி செய்து, எச்.ரி.எக்ஸ். என்றால் படிப்பு ஏறாத பெடியள் ஸ்பானர் பிடிக்கப் போகிற இடம் என்று முடிவெடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

அந்த முடிவோடு ஹெர்னிங் பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்குப் போனேன். பக்கத்தில் இருந்த அண்ணையின் மகன் எச்.ரி.எக்ஸ். போகிறானாம். அவர் தோளில் கைவைத்து, “கவலைப்படாதேங்கோ அண்ணை, பெடியள் பிந்தித்தான் தெளிவாங்கள்” என்றேன். உண்மையில் அங்கேதான் கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றும் எல்லாருக்கும் கட்டாயம், அதுவும் நடு மட்டத்துக்குக் குறையாமல். அண்ணை, “ஓம் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பாயாசம் வாங்கினார். பையன் பொறியியல் படிக்கக் கொப்பன்ஹேகன் போய்விட்டான். நான் பந்தியில் வேறு வரிசையில் இருக்கத் தொடங்கினேன்.

மகளை எஸ்.ரி.எக்ஸ்.இல் சேர்த்தோம். ஆராய்ச்சி எதுவும் இல்லை. கூட்டம் அங்கேதான் கூட. பள்ளி தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். டேனிஷ் ஏ, வரலாறு ஏ, ஆங்கிலம் பி, பௌதிகம் சி. “அதுக்குள்ளை பௌதிகத்திலை சி எடுத்திட்டியோ?” என்று குரலை உயர்த்திவிட்டேன். ஒரு பாடத்தை எவ்வளவு ஆழமாகப் படிப்பது என்பதற்குத்தான் இங்கே ஏ, பி, சி. “அப்பா, இது ரிசல்ட் இல்லை. இனித்தான் படிக்கப் போறன்” என்றாள். மனைவி குசினிக்குள் போய்ச் சிரித்தா. அங்கிருந்தும் கேட்டது.

அதே கடதாசியில் பழங்காலக் கிரேக்கம் பற்றிய பாடம் ஒன்றும் இருந்தது. எஸ்.ரி.எக்ஸ். பிள்ளைகள் எல்லாரும், நாளைக்கு டொக்டராகப் போகிறவர்கள் உட்பட, ஹோமரையும் பிளேட்டோவையும் தொட்டுவிட்டுத்தான் வரவேண்டும். கூடவே சமயம், ஒரு கலைப் பாடம், விளையாட்டு. விளையாட்டுக்கும் புள்ளி! இதெல்லாம் எதற்கு என்று விசாரித்தேன். படிப்போடு பிள்ளையை ஒரு முழு மனிதராக்கவும் வேண்டுமாம். அந்த வேலையை வீட்டில் நான் செய்துகொண்டிருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் மூன்று மாதம் எல்லாருக்கும் பொதுப்படிப்பு. அதன்பிறகுதான் பிள்ளை தன் துறையைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த மூன்று மாதமும் நான் தேர்தல் பிரச்சாரத்தில் இருந்தேன். மருத்துவத்துக்குக் கணிதம் ஏ, பௌதிகம் பி, இரசாயனம் பி வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிப் பிரிஜ் கதவில் ஒட்டினேன். அவள் சமூகக் கல்வி ஏயும் ஆங்கிலம் ஏயும் எடுத்தாள். என் கடதாசியின் கீழே, பால் முடிந்துவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

வாசல் அடைபட்டுவிட்டது என்று அந்த மாரிகாலம் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன். என்னோடு வேலை செய்கிற டேனிஷ்காரன் ஒருவன் காரணம் கேட்டான். சொன்னேன். குறைகிற பாடத்தைக் கிம்னாசியம் முடித்த பிறகும் தனியாக எடுத்து மட்டத்தை உயர்த்தலாம், அதற்கென்றே சிறு கோர்ஸ்கள் இருக்கின்றன என்றான். ஊரில் கணிதப் பிரிவில் போனவன் உயிரியலுக்கு மாற நினைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே பதினாறு வயதில் எடுத்த முடிவை இருபது வயதிலும் திருத்த விடுகிறார்கள். நல்ல விஷயந்தான். ஆனால் நான் பட்ட துக்கத்தை யாரிடம் திருப்பிக் கேட்பது?

புள்ளிக் கதைக்கு வருவோம். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும், மறைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில்தான் இங்கே முதன்முதலாகப் புள்ளி போடுகிறார்கள். அதுவும் ஏழே ஏழு படி: மைனஸ் 3, 00, 02, 4, 7, 10, 12. மகள் ஒரு கட்டுரைக்கு 7 எடுத்துவந்தாள். 12க்கு 7 என்றால் நூற்றுக்கு 58 என்று கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் 58க்குச் சிரித்துக் கதைக்கிற வழக்கம் இல்லை. 7 என்றால் ‘நல்லது’ என்று அர்த்தம் என்பது இரவுச் சாப்பாடு ஆறிய பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை 10. பெருந்தன்மையோடு, “பரவாயில்லை, இனி 11 எடுக்கப் பார்” என்றேன். 11 என்று ஒரு புள்ளியே இல்லை.

00, 02 என்று முன்னால் எதற்குப் பூச்சியம் என்றும் கேட்டேன். வெறும் 2 என்று எழுதினால் யாராவது பக்கத்தில் ஒரு 1 போட்டு 12 ஆக்கிவிடுவார்கள், 0 என்றால் 10 ஆகிவிடும், அதற்குத்தான் என்றாள். என் தேர்ச்சி அறிக்கையில் கணிதத்துக்கு நேரே இருந்த 3 எப்படி 8 ஆனது என்று எனக்கும் அப்பாவின் பேனைக்கும் மட்டுந்தான் தெரியும். கடலுக்கு அப்பால் ஒரு தேசமே என்னை மனதில் வைத்துப் புள்ளித்திட்டம் போட்டிருந்தது. மைனஸ் 3 யாருக்குக் கொடுப்பார்கள் என்று நான் மேலும் விசாரிக்கவில்லை.

பெற்றோர் சந்திப்புக்கு டை கட்டிக்கொண்டு போனேன். ஆசிரியர் சைக்கிள் ஹெல்மெட்டோடு வந்தார். பிள்ளைகள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகின்றன. நான் “சேர்” என்றேன். அவர் திரும்பிப் பின்னால் யார் என்று பார்த்தார். மகள் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டேன். நாங்கள் அப்படி வரிசைப்படுத்துவதில்லை என்றார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் மகள் சந்தோஷமாக இருக்கிறாளா?” பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த கேள்வி. “காலமை சாப்பிட்டிட்டுத்தான் வாறவள்” என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். என்ன புள்ளி என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைக்கு 18 ஆனதும் அந்தச் சந்திப்பும் இல்லை. அவள் சம்மதம் இல்லாமல் பள்ளி என்னோடு அவளைப் பற்றிக் கதைக்காது. வரவு குறைந்தால் எச்சரிக்கை அவளுக்குத்தான் போகும். சரி, கைச்செலவுக் காசை நிறுத்தி வழிக்குக் கொண்டுவரலாம் என்றால், 18 கழிந்த கையோடு அரசாங்கம் மாதாமாதம் அவள் கணக்கில் எஸ்.யு. என்று படிப்புக் காசு போடத் தொடங்கியது. வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு அந்தத் தொகை பெற்றோரின் வருமானம் குறையக் குறையக் கூடும். என்னுடைய சம்பளத்துக்கு அவளுக்கு நல்ல தொகையே கிடைத்தது.

படித்த பாடம் எல்லாவற்றுக்கும் சோதனை வைக்க மாட்டார்கள். எதெதற்கு என்று சோதனைக் காலம் நெருங்கும்போதுதான் தெரியும். மற்றதற்கெல்லாம் ஆசிரியர் போட்ட வருடப் புள்ளியே முடிவு. 4 பாடம், 400 புள்ளி, அதற்கு மேலே மாவட்ட வெட்டுப்புள்ளி என்று வளர்ந்த எனக்கு இது லொத்தர்ச் சீட்டு. வாய்மொழிச் சோதனை இன்னும் மோசம். கேள்வியைச் சீட்டெடுத்து, கொஞ்ச நேர ஆயத்தத்தோடு, சொந்த ஆசிரியருக்கும் வெளியிலிருந்து வந்த பரீட்சகருக்கும் முன்னால் உட்கார வேண்டும். பிறகு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கலந்து பேசி, அந்த இடத்திலேயே புள்ளியைச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு ரிசல்ட் வர மாதக்கணக்காகும். என் வாழ்க்கையில் நான் கெட்டிக்காரனாக இருந்தது அந்த மாதங்களில்தான்.

கடைசிச் சோதனை நாளில் குடும்பங்கள் பூவும் கொடியுமாக வாசலில் நிற்பார்கள். முடித்த பிள்ளையின் தலையில் வெள்ளைத் தொப்பி வைப்பார்கள். கதவு திறந்து மகள் வந்ததும் நான் தொப்பியை அழுத்தி வைத்து, நெற்றியில் விபூதியும் பூசி, கைதட்டத் தொடங்கினேன். பக்கத்திலிருந்த டேனிஷ் குடும்பமும் மரியாதைக்குக் கைதட்டியது. உள்ளே அவர்கள் அப்போதுதான் கலந்து பேசத் தொடங்கியிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டேன். விபூதியோடுதான் அவள் புள்ளி கேட்க உள்ளே போனாள்.

பிறகு லொறி. வகுப்பு முழுவதும் ஒரு லொறியில் ஏறி, மரக்கொப்பும் துணிப் பதாகையும் கட்டி, கத்திக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போகும். போகிற வீடெல்லாம் தீனும் குடியும். மனைவி விடிய எழும்பி ரோல்ஸும் கட்லட்டும் பொரித்தா. என் பங்குக்குக் கல்வியின் பெருமை பற்றி டேனிஷில் ஒரு சிற்றுரை. லொறி நின்றது. 28 பிள்ளைகளும் குதித்து என்னைத் தாண்டி ஓடின. அத்தனை வீட்டுக் குடியையும் சுமந்து வந்தவர்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது கக்கூஸ். அந்த வரிசைக்குத்தான் உரையை வாசித்தேன். ரோல்ஸ் நன்றாக இருந்ததாம்.

இனிப் பல்கலைக்கழகம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தபோது, “ஒரு வருஷம் வேலை செய்திட்டுப் போறன் அப்பா” என்றாள். இங்கே நிறையப் பேர் அப்படித்தான். கோயிலில் கேட்கிறவர்களுக்கு அதுவும் ஒரு கோர்ஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது மகன் ஒன்பதாம் வகுப்பில். மார்ச் 1க்குள் விண்ணப்பம் போகவேண்டும். 18க்குக் கீழே என்பதால் பெற்றோரின் மின்கையொப்பம் கட்டாயம். இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் எனக்கென்று விட்டுவைத்த ஒரே அதிகாரம் அது. கம்பீரமாகக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கையொப்பத்துக்கு வேண்டிய மிட்.ஐ.டி. இலக்கம் மறந்துவிட்டது. மகன்தான் எடுத்துக் கொடுத்தான்.

முதல் விருப்பம் என்ற இடத்தில் எச்.ரி.எக்ஸ். என்று இருந்தது. கையொப்பத்தைப் போட்டுவிட்டு, இந்த முறையாவது யாரையாவது கேட்டுவைப்போம் என்று கோயில் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். மகன் எச்.ரி.எக்ஸ்.தான் கேட்கிறான், அங்கே பாடங்கள் எப்படி, உங்கட மகன் எப்படிச் சமாளித்தவர் என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“கவலைப்படாதேங்கோ தம்பி,” என்றார். “பெடியள் பிந்தித்தான் தெளிவாங்கள்.”